நாற்பத்தொரு சதவீதக் காது

நான் விலை சேகரிப்பவள். எங்கள் தலைநகரான ஸ்கோப்யேயில் அப்படி ஒரு வேலை இருப்பது அதில் சேரும்வரை எனக்கே தெரியாது. இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். நேர்முகத் தேர்வில், "அளக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். "அதிகம் பேச மாட்டீர்களே?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

எங்களுடையது தேசிய விலைமட்ட ஒப்பீட்டு நிறுவனம். ஐரோப்பாவிலிருந்து ஒரு பட்டியல் வரும். அதில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் இந்த நாட்டில் என்ன விலை என்று பார்த்து அனுப்ப வேண்டும். எல்லா நாட்டு விலைகளையும் கலக்கி, கடைசியில் எங்களுக்கு ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தருவார்கள். ஐரோப்பாவின் சராசரி நூறு என்றால் நாங்கள் எத்தனை என்பது அந்த எண். நான் சேர்ந்தபோது அது ஐம்பத்திரண்டு.

தலைநகருக்கு நான்கு ஊழியர்கள். சேகரிப்பவள் நான் ஒருத்தி. மற்ற மூவரும் என்னை மேற்பார்வை செய்தார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று மஞ்சள் அட்டை போட்ட விதிப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் பதினான்காவது விதி இது: "விலைப் பலகையில் உள்ளதை எழுதாதீர்கள். வாங்கியவர் கையிலிருந்து உண்மையில் போன தொகையை மட்டும் எழுதுங்கள்." இதை எழுதியவர் எங்கள் ஊரில் ஒரு காபிகூடக் குடித்ததில்லை என்று நினைக்கிறேன்.

பட்டியலின் முதல் பொருள் காபிதான். "எஸ்ப்ரெஸ்ஸோ, ஏழு கிராம் தூள், மேசையில் பரிமாறப்பட்டது." எங்கள் வட்டாரத்தில் கிளிகோர் என்பவரின் கடைக்குப் போனேன். கழுத்தில் அலுவலக அட்டை. குடித்து முடித்துப் பர்ஸைத் திறந்தேன்.

"உள்ள வை" என்றார் கிளிகோர்.

"எவ்வளவு ஆச்சுண்ணே?"

"செஸ்தம்."

இந்தச் சொல்லுக்குப் பிறகு எங்கள் நாட்டில் பேச்சு கிடையாது. இது என் உபசாரம், நீ காசை எடுத்தால் எனக்கு அவமானம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். மற்றவர்கள் இதற்குச் சண்டை போடுவார்கள். பில்லைப் பிடுங்குவார்கள். கடைக்காரரின் சட்டைப்பையில் நோட்டைத் திணித்துவிட்டு ஓடுவார்கள். எனக்குச் சண்டை வராது.

"ஆபீஸ் வேலைண்ணே. விலை எழுதணும்."

"அட்டை தெரியுது. வரியா, சுகாதாரமா?"

"ரெண்டும் இல்ல. ஒப்பீடு."

"பேரே புரியல. அப்ப ரொம்பப் பெரிய எடம். செஸ்தம். இந்தா, கேக்கும் சாப்பிடு. நீ சலூன் ராத்காவோட பொண்ணு தாஃபினாதானே? என் கல்யாணத்துக்கு உங்க அம்மாதான் முடி வெட்டுச்சு. அப்ப எனக்கு முடி இருந்துச்சு."

படிவத்தில் எழுதினேன்: காபி, 0 தெனார். கேக், 0 தெனார்.

பூரெக் கடையில் அந்த அடுக்குப் பலகாரத்தில் இரண்டு துண்டு கொடுத்தார்கள், 0. செருப்பு தைப்பவர் என் குதிகால் இரண்டையும் மாற்றித் தந்தார், 0. இறைச்சிக் கடைக்காரர் என்னைச் சுகாதார ஆய்வாளர் என்று நினைத்து, எலும்பில்லாத ஒரு கிலோவைக் கையில் வைத்து அழுத்திவிட்டு, கடையின் பின்பக்கம் எதையோ மறைக்க ஓடினார். அதுவும் 0. பல் மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பிடுங்கத் தகுந்த பல் எதுவும் இல்லை என்று வருத்தப்பட்டார். சுத்தம் மட்டும் செய்து அனுப்பினார்.

முப்பத்தோராவது பொருள் சவப்பெட்டி. பைன் மரம், நான்கு கைப்பிடி. விற்பவர் பெயர் ஸ்பாசே.

"யாருக்கும்மா?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"யாருக்கும் இல்லைங்க. விலை மட்டும்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை கண்ணால் அளந்தார்.

"ஒன்னரை மீட்டர்கூடத் தேற மாட்டே. உன்கிட்ட என்னத்த வாங்குறது? எப்ப வேணுமோ அப்ப வா. செஸ்தம்."

அன்று அலுவலகத்துக்குத் திரும்பி, பூஜ்யங்கள் சரிதானா என்று மூன்று மேற்பார்வையாளர்களையும் கேட்டேன். முதலாமவர் விதி பதினான்கைப் படித்துக் காட்டினார். இரண்டாமவர் கையெழுத்து போட்டார். மூன்றாமவர் கேக் எப்படி இருந்தது என்று கேட்டார்.

பத்து மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பூஜ்யங்கள் எழுதினேன். எண் வந்தது. நாற்பத்தொன்று.

இயக்குநர் டாக்டர் மிர்செவ்ஸ்கி கூட்டம் போட்டார். அவருக்கு அடர்த்தியான நரைமுடி. பேசும்போது அதைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்வார்.

"நண்பர்களே, ஐரோப்பாவிலேயே விலை குறைந்த நாடு இன்று நாம்தான். விலை குறைந்தால் என்ன பொருள்? மக்கள் பணக்காரர்களாகிவிட்டார்கள் என்று பொருள். அவர்களுக்கு இது இன்னும் தெரியாது. தெரிவிப்பது நமது கடமை. ஒரு யூரோவுக்கு அறுபத்தொரு தெனார் என்று பாங்க் சொல்கிறது. அது சந்தைக் கூச்சல். ஐரோப்பாவில் ஒரு யூரோ செய்யும் வேலையை இங்கே இருபத்தைந்து தெனார் செய்துவிடுகிறது. ஆகவே ஒரு யூரோவின் மெய்யான மதிப்பு இருபத்தைந்து தெனார். பாங்க் விகிதத்தை நம்புகிறவன் அறிவியலை நம்பாதவன்."

பிறகு எங்கள் சம்பளத்தை உயர்த்தினார். என்னுடைய முப்பதாயிரம் தெனார், ஒப்பீட்டு மதிப்பில் எழுபத்து மூவாயிரம் என்று அச்சடித்த தாள் ஒன்று வந்தது. கையில் வந்தது முப்பதாயிரம்.

"சார், உங்க சம்பளமும் இப்படித்தானா?" என்று மூன்றாவது மேற்பார்வையாளர் கேட்டார்.

"என் சம்பளம் யூரோவுல இருக்கு" என்றார் இயக்குநர். "வேற வழியில்லப்பா. என் கார் ஜெர்மன். என் சட்டை இத்தாலி. பையன் வியன்னாவுல படிக்கிறான். நான் வாங்குறது எல்லாமே வெளிநாட்டு விலை. நாப்பத்தொண்ணுங்கிறது மக்களுக்கானது. அதுல நான் பங்கு கேக்க மாட்டேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாகத் தலையில் கவிழ்க்கும் மூன்று ஹேர் டிரையர்களுக்கு நடுவே நின்று வேலை செய்தவள். அவை ஓடும்போது டிராக்டர் வருகிற மாதிரி இருக்கும். இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதில் பாதி வார்த்தைகள்தான் விழும். அந்த வசந்தத்தில் இடுப்புவரை கூந்தல் வைத்திருந்த ஓர் ஆசிரியை வந்து, "நுனி மட்டும் வெட்டுங்க" என்றாள். அம்மாவுக்கு "மட்டமா வெட்டுங்க" என்று கேட்டது. காதோடு மட்டமாக வெட்டிவிட்டாள். ஆசிரியையின் பள்ளிக்கூடமே வருவதை நிறுத்தியது. எதிரில் புதிய சலூன் வேறு வந்துவிட்டது. இலையுதிர் காலக் கல்யாணங்களும் கைவிட்டுப் போனால் அம்மா கடையை மூட வேண்டியதுதான்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வேண்டும் என்றார் டாக்டர். ஜெர்மனியிலிருந்து வருவது. விலை தொண்ணூற்றிரண்டாயிரம் தெனார். ஜெர்மனியிலும் அதே விலைதான். உதவிக்கருவி மானியக் குழு என்று ஒன்று உண்டு. அதுவரை முழு விலையையும் அதுதான் தந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் கணிப்பொறியில் தட்டினாள்.

"முப்பத்தேழாயிரத்து எழுநூத்தி இருபது."

"தொண்ணூத்திரண்டாயிரம்ங்க" என்றேன்.

"அது ஐரோப்பாவுல. இங்க விலைமட்டம் நாப்பத்தொண்ணு. அதனால இங்க அதோட விலை முப்பத்தேழாயிரத்து எழுநூத்தி இருபது. அது முழுசும் நாங்க தர்றோம். உங்க கைக்காசு ஒன்னும் போடவேணாம்."

"ஆனா கடையில தொண்ணூத்திரண்டுன்னு..."

"கடைக்காரன் தப்பா சொல்றான்."

அம்மா என் தோளைத் தட்டினாள். "என்னடி சொல்றா? கத்திச் சொல்லு."

"நாப்பத்தொரு சதவீதம்தான் தருவாங்களாம்மா!"

வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். என் காது சூடாகிவிட்டது. அம்மா ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"மெஷின்ல அந்த நாப்பத்தொண்ணு எது தாயி? கொக்கியா, பேட்டரியா? சொன்னா அதை மட்டும் மாட்டிக்கிட்டுப் போறேன்."

"கருவி முழுசாத்தாம்மா வரும். விலைதான் குறைஞ்சிருக்கு!"

"யாரு குறைச்சா?"

அந்த அம்மாள் என் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். "இவங்க ஆபீஸ்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும்தான் கேட்டாள்.

"அப்படி என்னத்தடி எழுதுன?"

காகிதத்தில் 0 என்று எழுதிக் காட்டினேன்.

"எத்தனை தடவை?"

312 என்று எழுதினேன்.

"முந்நூத்திப் பன்னெண்டு எடத்துல தின்னிருக்கே. ஒரு எடத்துலயாவது காசை வச்சிட்டு ஓடி வரத் தெரியலையா உனக்கு? கிளிகோருக்கு என்ன, ஓடிவந்து பிடிக்கவா போறான்? அவனுக்கு மூட்டுவலி."

ஜன்னலில் இருந்த அம்மாள் கடைசியில் ஒரு வழி சொல்லியிருந்தாள். கருவியின் உண்மை விலை தொண்ணூற்றிரண்டாயிரம்தான் என்று எங்கள் நிறுவனமே சான்று கொடுத்தால் குழு முழுத் தொகையையும் தரும். அந்த வருஷப் பட்டியலில் நூற்றுநான்காவது பொருளாகக் கேட்புக் கருவி புதிதாகச் சேர்ந்திருந்தது. நான் முறைப்படி கடைக்குப் போய் விலையைப் பதிந்தேன். அந்தக் கடைக்காரர் செஸ்தம் என்று சொல்லவில்லை. ஸ்கோப்யேயில் அந்தச் சொல் தெரியாத ஒரே மனிதர் அவர்தான்.

மறுநாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"இது என்னம்மா, தொண்ணூத்திரண்டாயிரம்?"

"விலை சார்."

"உன்னோட மத்த விலையெல்லாம் எவ்வளவு அழகா ஒத்துப்போகுது பாரு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நடுவுல இது மட்டும் கொம்பு மாதிரி நிக்குது. நீ அறிவியல் படிச்ச பொண்ணு. கூட்டத்தோட சேராத அளவை என்ன பண்ணுவோம்?"

"திரும்ப அளப்போம் சார்."

"அடிச்சிடுவோம்" என்றார். அடித்தார்.

விலை அடிக்கப்பட்ட பொருளுக்கு எதிரே கணிப்பொறி தானாகவே ஒரு வரி போட்டுக்கொள்ளும்: "இந்நாட்டில் விற்பனையில் இல்லை." அதை மானியக் குழு அன்றே படித்துவிட்டது. நாட்டில் விற்பனையில் இல்லாத பொருளுக்கு மானியம் கிடையாது என்று அம்மாவுக்குக் கடிதம் வந்தது. முப்பத்தேழாயிரத்து எழுநூற்று இருபதும் போயிற்று. அது எங்கள் வீட்டுக்கு வந்த முந்நூற்றுப் பதின்மூன்றாவது பூஜ்யம்.

செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸிலிருந்து மூன்று விருந்தினர்கள் வந்தார்கள். ஐரோப்பாவின் மிக மலிவான நாட்டை நேரில் பார்க்க விரும்பினார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு மந்திரி கையால் இயக்குநருக்குப் பதக்கம். அதற்கு முன்னால், தொலைக்காட்சிக்காரர்கள் முன்னிலையில், ஏதாவது ஒரு மலிவான சேவையைச் செய்து காட்ட வேண்டும். முதல் மேற்பார்வையாளர் பட்டியலைப் புரட்டி, முடிவெட்டு 0 தெனார் என்று நான் பதிந்திருந்ததைக் கண்டுபிடித்தார். சலூன் ராத்கா. அம்மா எனக்கு வெட்டிவிட்டது அது. எந்த அம்மா மகளிடம் காசு வாங்குவாள்? விதி பதினான்கில் அம்மாக்களுக்கு விலக்கு இல்லை.

ஆக, ஐந்து மணிக்கு இயக்குநர் எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் துணி. எதிரே கேமரா. பின்னால் விருந்தினர்கள். அவர்களில் திருமதி லின்டமன் என்ற பெண்மணி நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். நான் கல்லாவில் உட்கார்ந்து, இயக்குநர் பேசுவதை அம்மாவுக்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு வழியில் அவளுக்குத் தெரியாது.

"இந்த எளிய பெண்மணியைப் பாருங்கள்" என்று இயக்குநர் கேமராவிடம் சொன்னார். "இவருடைய கத்தரியும் பெர்லின் கத்தரியும் ஒன்றே. தலையும் ஒன்றே. ஆனால் இவர் நாற்பத்தொரு சதவீதத்துக்கு மேல் கேட்பதில்லை. வறுமை என்று வெளியார் அழைப்பது இதைத்தான். நாங்கள் மலிவு என்கிறோம். வீடு சூடாகவில்லை என்பார்கள். சூடேற்றாத வீட்டுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களா? பூஜ்யம்!"

"என்ன சொல்றாரு?" என்றாள் அம்மா.

எழுதினேன்: "பெர்லின்லயும் இங்கயும் ஒரே வெட்டு. இங்க 41 சதவீதம்."

அம்மா இரண்டு தடவை படித்தாள். சீட்டை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வலது காதுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அவ்வளவு பொறுமையாக அவள் வெட்டி நான் பார்த்ததில்லை. சீப்பை உச்சந்தலையில் வைத்து அளந்து, நடு வகிட்டுக்கு இரண்டு விரல் முன்னால் நிறுத்தினாள். கழுத்தில் பவுடர் போட்டாள். துணியை அவிழ்த்து உதறினாள்.

"ஆச்சு" என்றாள்.

இயக்குநர் கண்ணாடியைப் பார்த்தார். வலது பக்கம் ராணுவத்தில் சேர்ந்த ஆள். இடது பக்கம் அவரேதான்.

"இன்னும் பாதி இருக்கே!"

நான் எழுதிக் கொடுத்தேன். அம்மா படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"பாதி இல்ல சார். அம்பத்தொம்போது இருக்கு. நாப்பத்தொண்ணுக்கு நாப்பத்தொண்ணு வெட்டியாச்சு. உங்க ஆளுங்க எனக்கு நாப்பத்தொரு சதவீதம் காது கொடுத்தாங்க. அப்புறம் அதையும் வாங்கிக்கிட்டாங்க. நான் அப்படிப் பண்ணமாட்டேன். வெட்டுனத திரும்ப ஒட்டமாட்டேன், பயப்படாதீங்க."

கேமராக்காரர் சிரித்ததில் கேமரா ஆடியது.

"இது முழுச் சேவையா?" என்று திருமதி லின்டமன் கேட்டார். "முழுமையில்லாத சேவையை ஒப்பிடக் கூடாது. விதி ஒன்பது."

"முழுச் சேவைதான் மேடம்" என்றார் இயக்குநர். "இது எங்க பக்கத்துப் பழைய பாணி. ஆம்பளைங்க இப்படித்தான் வெட்டிக்குவோம்."

திருமதி லின்டமன் கேமராக்காரரின் தலையைப் பார்த்தார். மேற்பார்வையாளர்கள் மூவரின் தலைகளையும் பார்த்தார். நோட்டில் எதையோ எழுதினார்.

இயக்குநர் என் பக்கம் குனிந்தார். "தாஃபினா, அம்மாகிட்ட சொல்லும்மா. ஆறு மணிக்குப் பதக்கம். மந்திரி வர்றாரு."

நான் சீட்டு எழுதவில்லை. கல்லாப்பெட்டியின் அடியிலிருந்து படிவத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். மானியக் குழுவின் படிவம். மூன்று நாளாக அங்கே இருந்தது.

"கேட்புக் கருவி இந்நாட்டில் விற்பனையில் உள்ளது" என்று அவர் முணுமுணுத்துப் படித்தார். "அதன் விலை தொண்ணூற்றிரண்டாயிரம் தெனார். இது மெய்யான விலை." நிமிர்ந்தார். "மெய்யானங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துடலாமா? கொள்கை விஷயம்மா அது."

அம்மாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் தெரிந்தது. கத்தரியை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள்.

அவர் கையெழுத்து போட்டார். இரண்டாவது மேற்பார்வையாளர் பையிலிருந்து முத்திரையை எடுத்து, ஊதி, குத்தினார். அம்மா படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து, ஜாக்கெட்டுக்குள் செருகினாள். டிராயரைத் திறந்தாள். மீதி ஐம்பத்தொன்பது சதவீதத்தைப் பத்தே நிமிஷத்தில் முடித்தாள். நல்ல வெட்டு. அவர் ஐந்து வயது குறைந்து எழுந்தார்.

எழுந்தவர் கோட்டுப் பைக்குள் கை விட்டு, விட்ட இடத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். எந்தச் சொல்லுக்காக என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அம்மா விருந்தினர்களைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். நாற்பது வருஷப் பழக்கம் அவள் நிமிர்வில் தெரிந்தது.

"செஸ்தம்" என்றாள்.

இயக்குநரின் கை காலியாக வெளியே வந்தது. "எழுதிக்கம்மா" என்றார் என்னிடம், அன்பாக. "முடிவெட்டு. பூஜ்யம்."

திருமதி லின்டமன் பேனாவைத் திறந்தார். என் மடியில் விலைப் படிவம், கையில் பென்சில். பூஜ்யத்தின் முதல் வளைவைப் போட்டுவிட்டேன்.

"முந்நூத்தம்பது தெனார்" என்றேன்.

"என்னது? உங்க அம்மாதான் செஸ்தம்னு சொன்னாங்களே."

"அம்மாவுக்குக் காது கேக்காது சார். நீங்க என்ன கேட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது."

"நான் ஒன்னுமே கேக்கலையே!"

"அதுவும் அவங்களுக்குக் கேக்கல சார்."

கேமரா என் பக்கம் திரும்பியது. என் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது; அந்தச் செய்தியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. இயக்குநர் எல்லாப் பைகளையும் தடவினார். தெனார் இல்லை. பர்ஸிலிருந்து ஐம்பது யூரோ நோட்டு ஒன்றை எடுத்துக் கல்லா மேல் வைத்தார்.

"எந்த விகிதத்துல மாத்தட்டும் சார்?" என்று கேட்டேன். "இருபத்தஞ்சுன்னா மீதி தொள்ளாயிரம். அறுபத்தொண்ணுன்னா மீதி ரெண்டாயிரத்து எழுநூறு."

"அறுபத்தொண்ணு!" என்றார். "பாங்க் விகிதம்தான். வேற ஏது?"

திருமதி லின்டமனின் பேனா அதையும் எழுதிக்கொண்டது.

"இவ என்ன சொன்னா அவர்கிட்ட?" என்று அம்மா கிளிகோரிடம் கத்தினாள். அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்களைக் காட்டி விலையைச் சொன்னார். அம்மா என்னை முறைத்தாள். விருந்தாளியிடம் காசு வாங்கிவிட்டேன். இனி ஒரு வாரம் இதைச் சொல்லிக்காட்டுவாள். கருவி வந்த பிறகு நான் பதில் சொன்னால் அவளுக்குக் கேட்கும்.

இரண்டாயிரத்து எழுநூறை எண்ணிக் கொடுத்தேன். படிவத்தில் இருந்த அரைப் பூஜ்யத்தை ரப்பரால் அழித்தேன். 350 என்று எழுதினேன். பதினோரு மாதத்தில் இந்த நாட்டில் யாரோ ஒருவர் கையிலிருந்து உண்மையில் போன முதல் தொகை.